சேவல் முள்ளும் ஒற்றைத் தலைவலியும்

இந்தக் கதையை எழுத வீட்டில் அனுமதி வாங்கவே பல வருடம் ஆயிற்று. "என் கால் விரலைப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். போன மாதம் எதிர் வீட்டுப் பெண் ஒற்றைத் தலைவலிக்கு ஒரு மாத்திரைச் சீட்டைக் கொண்டுவந்து, "மாமா, நீங்க மருந்து ஆபீசுல இருந்தவரு, இதை சளி மாத்திரையோட சேர்த்துப் போடலாமா?" என்று கேட்டது. சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். எர்கோடமின். எனக்குக் கை நடுங்கியதை உள்ளேயிருந்து மனைவி பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. அந்தப் பெண் போனதும், "சரி, எழுதிடுங்க" என்றாள்.

முதலில் ஒரு பிரெஞ்சுச் சொல். எங்கள் பள்ளியில் பிரெஞ்சு இலக்கணம் நடத்திய மிசியே ஒருவருக்கு மூக்கின் மேல் கோபம். அவர் கோபத்தைப் பற்றிப் பேச அவரே ஒரு சொற்றொடரைக் கற்றுக்கொடுத்திருந்தார்: "மோந்தே சூர் சே ஸெர்கோ". நேர்ப்பொருள், தன் கால் முள்ளின் மேல் ஏறி நிற்பது. சண்டைக்கு நிமிர்ந்த சேவலைப் போல ஒருவன் விறைத்துக்கொண்டு நிற்பதைச் சொல்வது. 'எர்கோ' என்றால் சேவலின் காலில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற முள். ஆங்கிலத்தில் கடைசி எழுத்தையும் உச்சரித்து 'எர்காட்' என்கிறார்கள். பத்து வயதில் திக்தேயில் எழுதிய அந்தச் சொல் முப்பது வருடம் கழித்து ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தேடி வரும் என்று அப்போது யார் கண்டது?

சேவல் முள்ளுக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்? ஐரோப்பாவின் குளிர்ப் பிரதேசங்களில் ரை என்று ஒரு தானியம். பிரெஞ்சில் செய்க்ல். கோதுமை விளையாத ஏழை மண்ணில் விளைவது, ஆகவே ஏழைகளின் ரொட்டி. குளிரும் ஈரமுமான வருடங்களில் இந்த ரைக் கதிரில் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். மணி இருக்க வேண்டிய இடத்தில் கருஊதா நிறத்தில், வளைந்து, சேவல் முள்ளைப் போலவே ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் எர்கோ என்று பெயர். அதை நீக்காமல் மாவாக்கி ரொட்டி சுட்டுத் தின்றவர்களுக்கு இரண்டு விதமாக நோய் வந்தது. சிலருக்கு வலிப்பும் பிதற்றலும். மற்றவர்களுக்குக் கை கால்கள் முதலில் எரியும், பிறகு குளிர்ந்து மரக்கும், பிறகு கரியைப் போலக் கறுத்து, இரத்தம்கூட வராமல் கழன்று விழும். பிரான்சில் இரண்டாவது வகைதான் அதிகம்.

994இல் பிரான்சின் அக்கித்தேன், லிமோஜ் பக்கம் இந்த நோய் பரவியபோது நாற்பதாயிரம் பேர் செத்தார்கள் என்று அக்காலத் துறவிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து எண்ணிக்கையை நான் நம்பிச் சேர்ப்பதில்லை; முப்பது வருடம் பதிவேடு பார்த்தவனுக்கு முழுமையான எண்களைக் கண்டாலே ஒரு சந்தேகம். ஆனாலும் கிராமம் கிராமமாக அழிந்தது உண்மை. காரணம் ரொட்டி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. 'எரிகிறவர்களின் நோய்' என்றும், பிறகு 'அர்ச். அந்தோணியாரின் நெருப்பு' என்றும் பெயர் வைத்தார்கள். வனத்துச் சின்னப்பரைப் போலப் பாலைவனத்தில் தவம் செய்த எகிப்து அந்தோணியார் இவர். நம் ஊரில் செவ்வாய்க்கிழமை கும்பிடுகிற பதுவை அந்தோணியார் வேறு.

1095 வாக்கில் தோஃபினே பகுதியில், அந்தோணியாரின் எலும்புகள் வைக்கப்பட்டிருந்த ஒரு சிற்றூரில், இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு சபை தொடங்கியது. கறுப்பு அங்கியில் நீல நிறத்தில் 'ட' எழுத்தைக் கவிழ்த்தது போன்ற ஒரு சிலுவைக் குறி போட்டிருப்பார்கள். ஐரோப்பா முழுவதும் மடங்களும் ஆஸ்பத்திரிகளும் கட்டினார்கள். அங்கே போனவர்களில் பலர் குணமானார்கள். புனிதரின் எலும்பில் ஊற்றி எடுத்த திராட்சை ரசம்தான் காரணம் என்று நினைத்தார்கள். இன்றைக்குப் படிக்கிற நமக்கு வேறு காரணம் தெரிகிறது. மடத்தில் கொடுத்தது நல்ல கோதுமை ரொட்டி, பன்றி இறைச்சி. விஷம் உள்ளே போவது நின்றது, அவ்வளவுதான். பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒருவேளை சோறு போட்டுப் பார்த்துக்கொள்வதும் பக்திதானே.

1676இல் தெனி தொதார் என்ற பிரெஞ்சு மருத்துவர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் சார்பில் எழுதி, இந்தக் கறுப்பு முள்தான் குற்றவாளி என்று சொன்னார். நூறு வருடம் கழித்து அபே தெசியே என்பவர் சொலோன்ஞ் பகுதிக்குப் போய், வாத்துக்கும் பன்றிக்கும் அதைத் தின்னக் கொடுத்து நிரூபித்தார். 1853இல் துய்லான் இது ஒரு பூஞ்சணத்தின் வாழ்க்கையில் ஒரு கட்டம் என்று முழுக்க விளக்கிவிட்டார். பிறகும் 1951 ஆகஸ்டில் போன்-செந்த்-எஸ்பிரி என்ற ஊரில் ஒரே ரொட்டிக் கடையில் வாங்கித் தின்ற இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பிதற்றிக்கொண்டு ஓடினார்கள், சிலர் இறந்தார்கள். உடனே எர்கோ என்றார்கள். பாதரச மருந்து என்று வேறு சிலர். இன்றுவரை வழக்கு தீரவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்த காலம். எங்கள் வீட்டுக்கு வந்த பிரெஞ்சுப் பத்திரிகையில் அந்தச் செய்தி படித்ததைச் சொல்லி என் அப்பா ரொட்டிக்காரனிடம் கேலி பேசுவாராம்.

நம் பக்கத்திலும் இது இல்லாமல் இல்லை. கம்புக் கதிரில் பூக்கும் சமயம் தேன் போல ஒன்று வழிந்து பிறகு கறுப்பு முள்ளாகிவிடும். விவசாயிகள் தேன் ஒழுகல் நோய் என்பார்கள். பூஞ்சணம் அதே குடும்பம், ஆனால் சரக்கு கொஞ்சம் வேறு. 1975இல் ராஜஸ்தானில் இப்படிக் கெட்ட கம்பைத் தின்றவர்களுக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் தூக்கமும் வந்தது, விரல் கறுக்கவில்லை. உப்புத் தண்ணீரில் கொட்டினால் கறுப்பு முள் மிதக்கும், நல்ல மணி அடியில் தங்கும். வழித்து எறிந்துவிடலாம்.

விஷம் எப்படி மருந்தாயிற்று என்பது மருத்துவச்சிகள் வழியாக. கருப்பையை இறுக்கும் குணம் அந்த முள்ளுக்கு உண்டு என்று அவர்களுக்கு முன்னமே தெரியும். 1808இல் அமெரிக்காவில் ஜான் ஸ்டெர்ன்ஸ் என்ற மருத்துவர் அதை எழுத்தில் போட்டுப் பிரபலப்படுத்தினார். பிரசவம் சீக்கிரம் ஆனது. குழந்தைகளும் செத்துப் பிறந்தன. பிறகுதான் பிள்ளை பிறந்த பின் இரத்தப்போக்கை நிறுத்த மட்டும் என்று புத்தி வந்தது. 1935இல் அதற்கென்றே எர்கோமெட்ரின் பிரித்தெடுக்கப்பட்டது. போர்க் காலத்தில் இறக்குமதி நின்றபோது நம் நீலகிரியிலேயே ரை பயிரிட்டு அதில் எர்காட் வளர்த்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த மருந்துக் கிடங்கில் குளிர்ப்பெட்டியின் மேல் தட்டு முழுவதும் அந்த வகை ஊசி மருந்துதான் இருக்கும். கரண்ட் போனால் முதலில் அதைத்தான் பார்க்க ஓடுவோம். எத்தனை தாய்மார்களின் உயிரைப் பிடித்து வைத்த மருந்து அது. அதன் பூர்வீகம் கறுத்த கால்கள் என்று எனக்கு அன்று தெரியாது.

1918இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் கம்பெனியில் ஆர்தர் ஸ்டோல் என்ற வேதியியலாளர் எர்காட்டிலிருந்து எர்கோடமினைத் தனியாக எடுத்தார். அதுவும் முதலில் பிரசவத்துக்கென்றே விற்கப்பட்டது. 1920களின் நடுவில் அதைக் கடுமையான ஒற்றைத் தலைவலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்டது. 1938இல் நியூயார்க்கில் கிரகாம், உல்ஃப் என்ற இருவர் நோயாளியின் நெற்றிப்பொட்டு இரத்தக் குழாயின் துடிப்பை வரைபடமாக எடுத்துக்கொண்டே எர்கோடமின் ஊசி போட்டார்கள். துடிப்பு அடங்க அடங்க வலியும் அடங்கியது. தலைக்குள் விரிந்த குழாயை இந்த மருந்து இறுக்குகிறது என்ற விளக்கம் அப்போது நிலைபெற்றது. இன்று அந்த விளக்கத்தைப் பாதிதான் ஏற்கிறார்கள். இறுக்குவது மட்டும் முழு உண்மை. தலையில் மட்டும் இறுக்கு, காலில் இறுக்காதே என்று மருந்துக்குச் சொல்ல முடியாது.

இதோடு கொஞ்சம் காபிச் சத்தையும் சேர்த்தால் குடல் நன்றாக உறிஞ்சும் என்று கண்டு, எர்கோடமின் 1 மில்லிகிராம், காஃபின் 100 மில்லிகிராம் என்ற கணக்கில் மாத்திரைகள் வந்தன. உலகம் முழுவதும் மைக்ரேன்காரர்களின் கைப்பையில் அது இருந்தது. மைக்ரேன் என்பது பிரெஞ்சுச் சொல். கிரேக்கத்தில் பாதி மண்டை என்ற சொல் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆயிற்று. நம்மவர்கள் ஒற்றைத் தலைவலி, ஒருபக்கத் தலைவலி என்று நேராகவே சொல்லிவிட்டார்கள்.

என் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அது உண்டு. மாதம் இரண்டு தடவை. கண்ணில் ஜரிகை மாதிரி மின்னும். அரை மணியில் வலது பக்கம் பிளக்கும். குசினியில் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் படுத்துவிடுவாள். பிரான்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய என் மாமா ஒருவர் சார்செல்லில் குடியிருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் சாக்லேட்டு, சென்ட்டு பாட்டிலோடு இவளுக்கு இரண்டு டப்பா தலைவலி மாத்திரையும் கொண்டுவருவார். எங்கள் வீட்டில் அது மருந்து என்ற கணக்கில் இல்லை. அமிர்தாஞ்சனத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அதே மரியாதைதான்.

இனி இரண்டாவது மருந்தின் கதை. 1949இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் இலோய்லோ என்ற ஊரிலிருந்து அபெலார்தோ அகிலார் என்ற மருத்துவர், தான் வேலை பார்த்த இலை லில்லி கம்பெனிக்குக் கொஞ்சம் மண் அனுப்பினார். அந்த மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1952இல் எரித்ரோமைசின் வந்தது. இலோய்லோவின் நினைவாக இலோடைசின் என்றே விற்றார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஒரு வரம். இதன் பெரிய குடும்பத்துக்கு மாக்ரோலைடு என்று பெயர். அதே 1950களில் இன்னொரு பங்காளியும் வந்தது: ட்ரைஅசிட்டைல் ஒலியாண்டோமைசின். நீளப் பெயர் வாயில் நுழையாததால் பிரான்சில் தாவோ என்பார்கள். அங்கே தொண்டைக்கும் பல்லுக்கும் வெகுகாலம் தாராளமாகக் கொடுத்தார்கள்.

1969இல் நியூசிலாந்து மருத்துவப் பத்திரிகையில் ஒரு சிறு குறிப்பு வந்தது. எர்கோடமின் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு இந்தத் தாவோவைக் கொடுத்ததும் கடுமையான எர்கோட்டிசம். அந்தோணியார் காலத்து நோய், மருந்துச் சீட்டு வழியாகத் திரும்பி வந்துவிட்டது. 1970களில் பிரெஞ்சு மருத்துவப் பத்திரிகைகளில் இதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஏன் பிரான்சு? தாவோவும் அங்கே அதிகம், எர்கோடமினும் அதிகம். இரண்டும் ஒரே பெண்ணின் கைப்பையில் சேரும் வாய்ப்பும் அதிகம். அந்தப் பத்தாண்டின் கடைசியில் எரித்ரோமைசினும் இதே காரியத்தைச் செய்கிறது என்று எழுதினார்கள்.

எப்படி நடக்கிறது என்பதைப் பிறகு எனக்குக் கிடைத்த புத்தகங்களில் படித்துப் புரிந்துகொண்டதை, ஒரு குமாஸ்தாவின் பாஷையில் சொல்கிறேன். நாம் விழுங்கும் எர்கோடமினில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட உடம்புக்குள் சுற்ற வருவதில்லை. குடல் சுவரிலும் ஈரலிலும் ஒரு நொதி உட்கார்ந்துகொண்டு, வருகிற சரக்கையெல்லாம் உடைத்துப் போட்டுவிடுகிறது. சோதனைச்சாவடி மாதிரி. மாத்திரையில் 1 மில்லிகிராம் என்று போட்டிருப்பதே இந்தச் சாவடி வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான். மாக்ரோலைடு வந்தால் அந்த நொதியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. தாவோவிடம் இந்தக் குணம் எவ்வளவு உறுதியானது என்பதை 1980களின் தொடக்கத்தில் பாரிசை ஒட்டிய கிளிஷியில் பெஸ்ஸேர் குழுவினர் ஆராய்ந்து காட்டினார்கள்: நொதி அதை உடைக்கப் போய், உடைந்த துண்டு நொதியிலேயே ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது. சாவடி பூட்டப்பட்டால் சரக்கு முழுவதும் ஊருக்குள் வருகிறது. நூற்றுக்கு ஐந்துகூட வராதது பல மடங்காகப் பெருகுகிறது. அளவாகச் சாப்பிட்டவர்கூட அளவுக்கு மீறிச் சாப்பிட்டவர் ஆகிவிடுகிறார். மருந்தில் தவறில்லை, அளவில் தவறில்லை, எழுதிய சீட்டு ஒவ்வொன்றும் தனித்தனியே சரி.

1989 டிசம்பர், மார்கழிப் பனி. மனைவிக்குத் தொண்டை புண்ணாகிக் காய்ச்சல். அவளுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், பெருமையாக முதலிலேயே சொன்னேன். அந்தச் சின்ன கிளினிக்கில் எரித்ரோமைசின் எழுதினார்கள், நாளைக்கு நாலு வேளை. இரண்டாம் நாள் சாயங்காலம் தலைவலி வந்தது. நானே டப்பாவிலிருந்து எடுத்து இரண்டு கொடுத்தேன். ராத்திரி இன்னொன்று. தலைவலி போயிற்று.

மறுநாள் காலையில், "என்னங்க, பாதம் ஜில்லுன்னு இருக்குது, மரக்கட்டை மாதிரி" என்றாள். பனிக்காலம்தானே என்று கம்பளி உறை எடுத்துக் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. மத்தியானம் சாப்பிட வந்தபோது கெண்டைக்கால் வலியில் அழுதுகொண்டிருந்தாள். பாதம் சாம்பல் நிறம், விரல்கள் நீலம். தொட்டால் மீன் மார்க்கெட்டில் ஐஸ் மேல் கை வைத்த மாதிரி.

ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கணுக்காலில் நாடி கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் அடைப்பா என்று இளம் டாக்டர்கள் குழம்பினார்கள். அப்போது அங்கே வந்த ஒரு வயதான டாக்டர் அவள் கைகளையும் பிடித்துப் பார்த்தார். கைகளும் குளிர்ந்துதான் இருந்தன. என் பக்கம் திரும்பி, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா ஐயா?" என்றார்.

"இல்லீங்க டாக்டர், தொண்டைக்கு மட்டும்தான்" என்று நான் சொன்னேன்.

யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு திடமாகச் சொன்னேன். கட்டிலிலிருந்து அவள்தான் ஈன சுரத்தில், "தலைவலிக்கு மூணு போட்டேன், பாரீசு மாத்திரை" என்றாள். டாக்டர் முகம் மாறியது. "டப்பாவை எடுத்துட்டு வாங்க. சைக்கிள் இருக்கா? ஓடுங்க."

டப்பாவைப் பார்த்ததும், "எர்கோட்டிசம். புஸ்தகத்துல படிச்சது, கண்ணால இப்பத்தான் பார்க்கறேன்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சேவல் முள் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் அதுவா ஞாபகம் வர வேண்டும்? மனசு அப்படித்தான் இருக்கிறது.

இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். இரத்தக் குழாயைத் தளர்த்தும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். இரத்த அழுத்தம் தடாலென்று விழுந்துவிடும் என்பதால் ஒரு நர்ஸ் ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. உறையாமலிருக்க இன்னொரு மருந்து. எர்கோடமின் குழாய்ச் சுவரில் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது, இரத்தத்தில் தீர்ந்த பிறகும் பிடி இருக்கும் என்றார்கள். இரண்டாம் நாள் விடியற்காலையில் வலது கணுக்காலில் நாடி வந்தது. நர்ஸ் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டியது. இடது கால் இன்னும் ஒரு நாள் எடுத்துக்கொண்டது. இடது சுண்டுவிரலின் நுனி மட்டும் திரும்பவில்லை. கறுத்துக் காய்ந்து, பிப்ரவரியில் எடுக்க வேண்டியதாயிற்று.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஒரு நாள் வீட்டில் அந்த டப்பாவைத் திறந்து, உள்ளே எட்டாக மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன். பிரெஞ்சு. நான் ரசீனையும் லமார்த்தீனையும் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன். தெருவில் பென்ஷன் கடிதம் வந்தால் படித்துக் காட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வருடக்கணக்கில் வந்துகொண்டிருந்த அந்தத் தாளை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. மாக்ரோலீத் வகை ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்க்கக் கூடாது என்று அதில் இருந்தது.

படித்திருந்தால் தப்பித்திருப்போமா? அதைத்தான் இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. எரித்ரோமைசின் ஒரு மாக்ரோலைடு என்பது எனக்கு அன்று தெரியாது. என் பொறுப்பிலிருந்த இருப்புப் பதிவேட்டில் எரித்ரோமைசினுக்கு ஒரு பக்கம், எர்கோடமினுக்கு ஒரு பக்கம். ஆங்கில அகர வரிசையில் இரண்டும் 'இ'. நடுவில் ஒன்றிரண்டு தாள்தான் வித்தியாசம். வரவு, செலவு, இருப்பு, காலாவதித் தேதி என்று நான் கோடு போட்டு எழுதியிருந்தேன். எது எதோடு சேரக் கூடாது என்பதற்குப் பதிவேட்டில் பத்தி இல்லை. அன்றைக்கு இந்த ஊரில் எத்தனை சீட்டுகளில் இந்த இரண்டும் சேர்ந்து போயிருக்கும் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன், பிறகு பயந்து நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு இந்தப் பட்டியல் நீண்டுகொண்டேதான் போகிறது. மாக்ரோலைடு குடும்பத்தில் கிளாரித்ரோமைசின் வந்தது. அதுவும் எர்கோடமினோடு கண்டிப்பாகக் கூடாது. அசித்ரோமைசின் இந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை என்றாலும் அதன் தாளிலும் எச்சரிக்கை இருக்கிறது. பூஞ்சணத்துக்குக் கொடுக்கும் கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் இரண்டும் அதே வேலையைச் செய்யும். 1990களில் எச்.ஐ.வி. மருந்து ரிடோனாவிர் வந்தபோது எர்கோட்டிசம் மறுபடி தலைகாட்டியது. கோவிட் காலத்தில் வந்த பாக்ஸ்லோவிட் டப்பாவிலும் அதே ரிடோனாவிர்தான். பெனிசிலின், அமாக்சிசிலின் வகைக்கு இந்தக் குணம் கிடையாது. எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். மைக்ரேனுக்கே இப்போது ட்ரிப்டான் வகை மருந்துகள் வந்துவிட்டன. அவற்றிலும் எலட்ரிப்டான் என்ற ஒன்றை கிளாரித்ரோமைசின் சாப்பிட்ட 72 மணி நேரத்துக்குள் தொடக் கூடாது. ஆனால் எர்கோடமின் மாத்திரை நம் நாட்டில் இன்னும் விலை மலிவாகக் கிடைக்கிறது, நிறையப் பேருக்குக் கேட்கவும் கேட்கிறது.

பழத்தைக்கூட விடவில்லை. கனடாவில் பெய்லி என்பவர் 1980களின் கடைசியில் தற்செயலாகக் கண்டுபிடித்தது: கிரேப்ஃப்ரூட் சாறு குடல் சுவரில் இதே நொதியை முடக்குகிறது. பிரெஞ்சில் அதைப் பாம்ப்ல்மூஸ் என்பார்கள். நம் பம்பளிமாஸும் சொல்லிலும் சுளையிலும் அதன் பங்காளி. எங்கள் கொல்லையில் ஒரு மரம் இருந்தது. மரத்தை வெட்டவில்லை, பழத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவோம். கொடுக்கும்போது, "ரெகுலரா மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று என் மனைவி விசாரணை செய்வாள். சிலர் பழமே வேண்டாம் என்று போய்விடுவார்கள்.

2011இல் மகள் வீட்டுக்குப் பிரான்சு போயிருந்தபோது கொல்மார் நகரத்துக்குப் போனோம். அங்கே உன்டர்லிண்டன் மியூசியத்தில் க்ருய்னவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்த பெரிய பீடப்படம் இருக்கிறது. பக்கத்திலிருந்த இசன்ஹைம் ஊரில் அந்தோணியார் சபை மடத்துக்காக, அங்கே எரிந்துகொண்டிருந்த நோயாளிகள் பார்ப்பதற்காக வரைந்தது. ஒரு பலகையில் அந்தோணியாரைப் பேய்கள் பிடித்து இழுக்கின்றன. இடது பக்கம் கீழ் மூலையில் வயிறு ஊதி, உடம்பெல்லாம் புண்ணாகி ஓர் உருவம் சாய்ந்து கிடக்கிறது. இந்த நோய்க்காரனைத்தான் ஓவியர் பார்த்து வரைந்தார் என்று பலர் சொல்கிறார்கள். நான் சொல்லிக்கொண்டே போனேன். தேதி, பெயர், எல்லாம். அவள் கேட்டதாகவே தெரியவில்லை. அந்த உருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவனுக்கு யாரும் கேக்கலையா, என்ன சாப்பிட்டேன்னு?" என்றாள்.

நாங்கள் வெளியே வந்து காபி குடித்தோம்.

எதிர் வீட்டுப் பெண் கேட்டதற்கு வருகிறேன். சளி மாத்திரை எது என்று வாங்கிப் பார்த்தேன், கிளாரித்ரோமைசின். தலைவலி மாத்திரையை எழுதியவர் ஒரு டாக்டர், சளிக்கு எழுதியவர் வேறு ஒருவர். சாப்பிடாதே என்று நான் சொல்லவில்லை, நான் டாக்டர் இல்லை. இரண்டு சீட்டையும் ஒரே கையில் எடுத்துக்கொண்டு, இன்றைக்கே, சளிக்குப் பார்த்த டாக்டரிடம் போய் மேசை மேல் வை, அதுவரை தலைவலி மாத்திரையைத் தொடாதே என்றேன். சாயங்காலம் அந்தப் பெண் வந்து, ஆன்டிபயாட்டிக்கை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் மாமா என்று சொல்லிவிட்டுப் போனது. என் மனைவி பின்னாலேயே போய், அது செருப்பு மாட்டும்போது குனிந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "என்ன மாமி?" என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, சூடாகத்தான் இருக்கிறது என்றாள்.